பலூன் என்று எழுதிக் கொடுத்தவன்

இங்க ஆள் இருக்கா சார்? இல்லன்னா அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க, நான் ஓரமா ஒண்டிக்கிடுதேன். திருச்செந்தூர் வரைக்குமா? எனக்கு அவ்வளவு தூரம் கிடையாது. மணல்தேரி விலக்குல இறங்கிருவேன். ஒரு மணி நேரம்னு டைம் போட்டிருக்கான். இவன் ஓட்டுத சீரைப் பாத்தா ஒண்ணரைக்குக் கொறையாது.

ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டியளே? நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல மூணு பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறியிருக்கேன். உங்களுக்காகத்தான். சிரிக்காதிய. மொத பஸ்ல பூரா காலேஜ் பிள்ளைய. அதுகட்ட ஒரு தாளைக் குடுத்தா வாசிக்கவா செய்யும்? போன்ல படம் புடிச்சி ஊரு உலகத்துக்கே அனுப்பிரும். ரெண்டாவது பஸ்ல எங்க தெருக்காரன் ஒருத்தன் இருந்தான். மூணாவதுல ஒரு வக்கீல். வக்கீல்ட்ட குடுத்த தாளு திரும்பி வந்ததா சரித்திரம் உண்டா? இதுல எட்டிப் பாத்தேன். நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு, சட்டைப்பையில ரெண்டு பேனாவோட, யார்ட்டயும் பேசாம உக்காந்திருந்திய. சரி, இவருதான்னு ஏறிட்டேன். பேங்க்ல வேலையா? அதான பாத்தேன். இங்கிலீஷ் நல்லா வாசிப்பியள்லா? அது போதும்.

இந்தப் பைக்குள்ள ஒரு கவர் இருக்கு. வந்து ரெண்டு வாரமாச்சு. மூணு தாளு, அம்புட்டும் இங்கிலீஷு. நான் அஞ்சாங்கிளாசு. பஸ் போர்டும் என் பேரும்னா கண்டுபிடிச்சிருவேன், அதுக்கு மேல ஓடாது. ஊருல யார்ட்டயும் குடுத்து வாசிக்கச் சொல்ல முடியாது. ரகசியம். வீட்டுக்காரிக்கே தெரியாது. இருங்க இருங்க, கவரக் காட்டுதேன். மொதல்ல விஷயத்தக் கேட்டுக்கிடுங்க. விஷயம் தெரியாம வாசிச்சா தப்பா வாசிச்சிருவிய.

ஒருத்தன் எனக்குத் துரோகம் பண்ணினான் சார். முப்பத்தாறு வருஷம் ஆச்சு. பேரு ஞானசிகாமணி. என் கூட்டாளி. ஒரே சைக்கிள்ல போனோம், ஒரே தூக்குச்சட்டியில சாப்பிட்டோம். அவன் எழுதிக் குடுத்த பொய் இந்தக் கவருக்குள்ள இருக்கு, கவர்மெண்ட் முத்திரையோட. இன்னைக்கு அவன் கடைக்குப் போயி, நாலு பேரு முன்னால அந்தத் தாளை அவன் மூஞ்சியில விட்டெறியப் போறேன். அதுக்குத்தான் இந்தப் பயணம். இந்த வெள்ளை வேட்டிகூட அதுக்குத்தான்.

எண்பத்தெட்டு. அக்கரையில, சிலோன்ல சண்டை நடந்த நேரம், ஞாபகம் இருக்கும். அதுக்கு மூணு வருஷம் முன்னாலயே இந்தக் கடக்கரையில அங்கங்க இரும்புல பரண் கட்டி, உள்ளூர் ஆளுகளக் காவலுக்கு எடுத்திருந்தாவ. வாட்சர்னு பேரு. தினக்கூலிதான். ஆனா நல்லா வேலை பாத்தா பெர்மனென்ட் பண்ணுவோம்னு சொல்லித்தான் எடுத்தாவ. பெர்மனென்ட்! அந்த வார்த்தைக்காக அந்தப் பரண் மேலேயே குடியிருக்கச் சொன்னாலும் இருந்திருப்போம். எனக்கு முப்பத்தொண்ணு வயசு, கைக்குழந்தை ஒண்ணு. ஞானத்துக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. ரெண்டு பேருக்கும் அந்த வேலை வேணும்.

வேலை என்னன்னா, ஒரு பரணுக்கு ரெண்டு பேரு. ஒருத்தன் பைனாகுலர்ல பாத்துச் சொல்லணும், மத்தவன் நோட்டுல எழுதணும். பாக்கவன் எழுதப்பிடாது, எழுதுதவன் பைனாகுலரத் தொடப்பிடாது. அப்படி ஒரு சட்டம். ஏன்னா, பாக்கவனே எழுதுனா சேத்து எழுதிருவானாம். மணிக்கு ஒருக்க ஆள் மாத்திக்கிடணும். எழுதுன ஒவ்வொரு வரிக்கும் ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும். ஒரு கையெழுத்து இல்லன்னா அந்த வரி செல்லாது. நோட்டுல கட்டம் போட்டிருக்கும். விமானம், ஹெலிகாப்டர், கப்பல், படகு, பறவை. பாத்தது எதுவோ அந்தக் கட்டத்துல கோடு போட வேண்டியது. கடைசியில ஒரு கட்டம், இதர. அத நாங்க தொட்டதே இல்ல.

ஞானத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும், பொய் சொல்லக் கூடாதுல்லா. நல்ல எழுத்து அவனுக்கு. பீடி கிடையாது, கள்ளு கிடையாது, துஷ்டிக்குப் போன சாவு வீட்டுலகூட வாய் நனைக்க மாட்டான். எட்டாங்கிளாஸ் படிச்சவன். ஒரு காக்கா போனாலும் எத்தனை மணி எத்தனை நிமிஷம்னு வாட்ச்சப் பாத்து எழுதுவான். நான் கேலி பண்ணுவேன், ஏலே, அந்தக் காக்கா உன்ட்ட வந்து கணக்கு கேக்கப் போவுதான்னு. அப்பேர்ப்பட்ட சுத்தக்காரன். அவன்தான் பண்ணினான் சார், அதுதான் ஆற மாட்டேங்கு.

தை மாசம், கரிநாளுக்கு மறுநாள். சாயங்காலம் அஞ்சு இருபது. நான் பாக்கேன், அவன் எழுதுதான். வெயில் முதுகுக்குப் பின்னால இருந்து கடல் மேல பளிச்சின்னு விழுது. மப்பு மந்தாரம் ஒண்ணும் கிடையாது. நம்புவியளோ மாட்டியளோ, நான் பாத்ததச் சொல்லுதேன். கடலுக்கு மேல, அரிசி பொடைக்குத சுளகு கணக்கா ஒண்ணு நிக்கு. தூரத்துல சுளகு, கிட்டக்கப் போனா ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு வரும். சாம்பல் நெறம். சத்தம் கிடையாது. மூணு தென்னை உசரத்துல ஆடாம அசையாம நிக்கு. அதுக்க நெழலு தண்ணியில கெடக்கு. பைனாகுலரத் திருகித் திருகிப் பாக்கேன், அடியில இருந்து தண்ணி சொட்டுது. இப்பத்தான் கடலுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்த மாதிரி சொட்டுது சார்.

ஞானம்னேன். பாக்கேம்லே, எனக்கும் தெரியுதுன்னான். அவன் பைனாகுலர் கேக்கல. சட்டம்லா. வெறுங்கண்ணாலயே பாத்தான், வாட்சையும் பாத்தான். கீழ வள்ளத்துல இருந்தவனுக எல்லாம் குப்புறப் படுத்துட்டானுக. பதினோரு நிமிஷம். அப்புறம் அது போகல சார், பறக்கல. இருந்துது, இல்ல. அவ்வளவுதான்.

ஞானம் நோட்ட விரிச்சு வச்சிக்கிட்டு, எந்தக் கட்டத்துலலே போடன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? விமானமா, பறவையா? தெரியலன்னு எழுதுன்னேன். இதரன்னு போட்டிருந்த கட்டத்துல, அழகா, "என்னவென்று தெரியவில்லை, அடியில் தண்ணீர் சொட்டியது"ன்னு எழுதுனான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மூணாம் நாள் ஜீப் வந்து நோட்டையும் எங்களையும் ஏத்திட்டுப் போச்சு. எந்த ஆபீசுன்னு சொல்லப்பிடாது. பெரிய காம்பவுண்டு, வேப்பமரம் நிறைய நிக்கும், அத்தோட விட்ருவோம். ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல வச்சிட்டாவ. முதல்ல ஒருத்தன் வந்தான், மீசைக்காரன், மரியாதை தெரியாத சவம். நிக்க வச்சே கேட்டான். குடிப்பியா, உங்க அம்மாவுக்குப் பைத்தியம் உண்டா, அன்னைக்குக் காலையில என்ன தின்ன, கோயில்ல சாமி ஆடுவியா, என்ன சினிமா பாத்த. நான் பாத்தத அவன் கேக்கவே இல்ல சார்! நாலு நாளு வரச் சொல்லி வரச் சொல்லி இதேதான். கடைசியில சொன்னான், தெரியவில்லைன்னு எழுத உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா, கவர்மெண்டுக்குத் தெரியாத சாமான் வானத்துல எப்படிடா வரும்னு.

அஞ்சாவது நாள்தான் வேங்கடவன் சார் வந்தாரு. அவரப் பத்திச் சொல்லும்போது எனக்கு இன்னும் கண்ணு கலங்கும். பெரிய அதிகாரி. தோள்ல அவ்வளவு பட்டை. வந்ததும் என்ன சொன்னாரு தெரியுமா? "உக்காருங்க தாணுலிங்கம்." உக்காருங்க! என் வாழ்க்கையில ஒரு ஆபீசர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டது அன்னைக்குத்தான். டீ வரச் சொன்னாரு. கப்பு, சாசரோட. பெல்லடிச்சு பிஸ்கட்டு. பிள்ளைக்கு எத்தனை மாசம்னு கேட்டாரு. அப்புறம் என் கண்ணப் பாத்துக் கேட்டாரு, நீங்க பாத்ததச் சொல்லுங்கன்னு. நான் சொன்னேன். ஒண்ணு விடாம, தண்ணி சொட்டுனது வரைக்கும். அவரு கன்னத்துல கையை வச்சிக்கிட்டுக் கேட்டாரு. கேட்டு முடிச்சிட்டு, "நான் உங்கள நம்புதேன்"னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தை, சார். நான் அழுதுட்டேன்.

அப்பந்தான் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாரு. "ஆனா உங்க கூட்டாளி மாத்தி எழுதிக் குடுத்துட்டாரே தாணுலிங்கம். பலூன்தான் பாத்தோம், நீங்க கட்டாயப்படுத்தினதால அப்படி எழுதினேன்னு சொல்லிட்டாரே"ன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. பக்கத்துல நின்னு பாத்தவன். தண்ணி சொட்டுத பலூன எங்கயாவது கண்டிருக்கியளா? நான் கட்டாயப்படுத்தினேனாம்! இருக்காது சார், ஞானம் அப்படிச் சொல்ல மாட்டான்னு ஒருக்க சொன்னேன். சொல்லாம இல்ல, சொன்னேன். வேங்கடவன் சார் பெருமூச்சு விட்டாரு. "பெர்மனென்ட் ஒரு இடம்தான் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். அவருக்கு அது எப்படியோ தெரிஞ்சிருக்கு"ன்னாரு. அதுக்கு மேல என்ன வேணும்? எல்லாம் வெளிச்சமாயிட்டு.

நல்ல மனுசன், உடனே சொன்னாரு. "கவலைப்படாதிய, நேர்மையான ஆளுக்குத்தான் அந்த இடம். உங்களுக்குத்தான் போடப் போறேன்"னு. பேப்பர் கொண்டுவரச் சொன்னாரு. ஒரு கத்தை. உங்களுக்குத் தெரியாததா, பேங்க்ல நீங்க எத்தனை பேரப் பாத்திருப்பிய. கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல எல்லாம் பென்சில்ல பெருக்கல் குறி போட்டிருந்தது. பெருக்கல் குறி கண்ட இடத்துல கையெழுத்து. நம்ம ஆளுக அப்படித்தான போடுதோம்? ரேஷன் கார்டுக்கு அப்படித்தான், லோனுக்கு அப்படித்தான், என் மகளுக்க ஆபரேஷனுக்கும் அப்படித்தான் போட்டேன். எதுன்னு கேட்டா எவன் சொல்லுதான்? நானும் ஒரு வார்த்தை கேட்டேன், சார், நான் பாத்ததும் இதுல உண்டான்னு. "எல்லாம் உண்டு"ன்னாரு. போட்டேன். ஆறோ ஏழோ இடம்.

போகும்போது தோள்ல கையப் போட்டுச் சொன்னாரு. "இது அரசாங்க ரகசியம் தாணுலிங்கம். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லப்பிடாது. யாரு கேட்டாலும் எதையும் பாக்கலன்னு சொல்லணும். உங்கள நம்பித்தான் சொல்லுதேன்." நான் காப்பாத்தினேன் சார். முப்பத்தாறு வருஷம். இன்னைக்கு உங்கட்டத்தான் மொதல்ல வாயத் தொறக்கேன். ரிட்டயர்டு ஆயாச்சு, இனிமே என்ன.

எனக்கு விழுப்புரம் பக்கம் கவர்மெண்ட் குடோன்ல வாட்ச்மேன் வேலை. பெர்மனென்ட். நான் பெட்டி கட்டிட்டு இருந்த அன்னைக்கு ஞானம் வந்தான். சைக்கிள ஸ்டாண்டு போடல, புடிச்சிக்கிட்டே வாசல்ல நின்னான். மூஞ்சி வத்திப்போயி இருந்தது. அவன வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவன்னு எனக்கு முன்னாலயே தெரியும். பொய் சொன்னா நிப்பாட்டாம என்ன செய்வாவ? அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நீ பாத்தியா இல்லியா தாணு? அத மட்டும் சொல்லு"ன்னான்.

என்ன திமிரு, பாருங்க. பண்ணுததையும் பண்ணிட்டு வேவு பாக்க வந்திருக்கான்னு எனக்குத் தலைக்கு ஏறிட்டு. இன்னொரு பக்கம் ரகசியம். "நான் ஒண்ணையும் பாக்கல, போ"ன்னேன். திட்டுவான்னு பாத்தேன், திட்டல. சைக்கிளத் திருப்பி உருட்டிக்கிட்டே போயிட்டான். ஏறி மிதிச்சிகூடப் போகல. தப்பு பண்ணினவனுக்கு வாய் எங்க வரும்?

அதோட விட்டானா? அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. ஆபீஸ்ல பலூன்னு எழுதிக் குடுத்துட்டு, ஊருல வந்து பாக்கவன்ட்டல்லாம் நான் பாத்தேன், சத்தியமா பாத்தேன், தண்ணி சொட்டிச்சின்னு சொல்லுதான். டீக்கடையில சொல்லுதான், கோயில் திருவிழாவுல சொல்லுதான். எவ்வளவு கள்ளத்தனம்! ஊருல சும்மா விடுவாவளா? பறக்கும் தட்டு, பறக்கும் தட்டுன்னு கூப்பிட்டு, அது சுருங்கி தட்டு ஞானம்னு ஆயிட்டு. நிச்சயம் பண்ணின பொண்ணு வீட்டுல பைத்தியக்காரனுக்குக் குடுக்க மாட்டோம்னுட்டாவ. நாப்பது வயசு வரைக்கும் கல்யாணம் இல்ல. மாட்டோம்னு சொல்லுததுக்கு முந்தி அந்தப் பொண்ணு வீட்டுல இருந்து ரெண்டு பெரியவங்க விழுப்புரத்துக்கே என்னத் தேடி வந்தாவ சார். கூட இருந்தவரு நீங்கதான, ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படி ஏதும் பாத்தியளான்னு கேட்டாவ. நான் என்ன சொல்ல முடியும்? பாக்கலன்னுதான் சொன்னேன். ரகசியம்னா ரகசியம். அந்த விஷயத்துல என்ன யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது.

போன வருஷம் டிவியில ஒரு நியூஸ் ஓடிச்சி. வெளிநாட்டுல இதே மாதிரிப் பாத்த பட்டாளத்துக்காரங்கள, கோட்டு போட்டு உக்கார வச்சு, நீங்க பாத்தத தைரியமாச் சொல்லுங்கன்னு பெரிய சபையில கேக்காவ. நம்ம கவர்மெண்டும் ஒரு நாள் கேக்கும்லா? கேட்டா வேங்கடவன் சார் எழுதி வச்ச என் பேப்பர் இருக்கும்லா? தாலுகா ஆபீஸ் முன்னால மனு எழுதுதவரப் புடிச்சு, விஷயத்தச் சொல்லாம, பரண் நம்பரும் தேதியும் மட்டும் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டேன். அப்படி ஒரு பரணே கிடையாதுன்னு பதில் வந்தது. அதுலயே மூணு வருஷம் ஏறி எறங்கியிருக்கேன், கிடையாதாம்! அப்பீல் போட்டேன். எட்டு மாசம். இந்தா, இந்தக் கவர் வந்திருக்கு.

இப்ப வாசிங்க. கிழியாமப் புடிங்க, மடிப்புல நைஞ்சிருக்கு. இந்தத் தாளு என்னோடது, கீழ பாருங்க, தாணுலிங்கம்னு தமிழ்ல என் கையெழுத்து. இது நான் பாத்தது. இத மொதல்ல வாசிங்க, சார் எப்படி எழுதியிருக்காருன்னு கேக்கணும். மத்தது ஞானத்துக்கது. என்னோடது இல்லன்னா அவனுக்கதான, கையெழுத்தக் காணோம், போடாம நழுவியிருப்பான். மூணாவது ஆபீஸ் தாளு.

ம். அப்படியே தமிழ்ல சொல்லுங்க, நானும் கூடவே சொல்லிக்கிடுதேன். சத்தமா வேண்டாம், என் காதுல விழுந்தா போதும்.

தாணுலிங்கம் ஆகிய நான்... ஆமா... அன்று மாலை கடலுக்கு மேல் பார்த்தது வானிலை பலூன்...

இல்ல சார். தாளு மாறிப் போச்சு. அது ஞானத்துக்கது. என் கையெழுத்து உள்ளத வாசிங்க.

அதுதானா?

இன்னொருக்க வாசிங்க. மெதுவா. பார்த்தது வானிலை பலூன். அதைப் பலூன் என்றே நான் சொன்னேன். என்னோடு பணியில் இருந்த ஞானசிகாமணி... வேண்டுமென்றே பதிவேட்டில் மாற்றி எழுதினார்... அன்று அவர்...

என்னது?

அன்று அவர் மது அருந்தியிருந்தார்.

யாரு, ஞானமா? ஏ, அவனுக்கு வாடையே ஆவாதே சார்! இது நான் சொன்னது இல்ல. சத்தியமா நான் சொல்லல, என் பிள்ளை மேல ஆணையாச் சொல்லுதேன். அங்க உள்ளவன் எவனோ மாத்தி ஒட்டியிருக்கான். கையெழுத்தா? கையெழுத்து என்னோடதுதான். "லி"யில சுழி அப்படித்தான் போடுவேன். பக்கத்துல என்ன அது, அந்த மங்கல்? பெருக்கல் குறியா? பென்சில் குறி ஜெராக்ஸ்லயும் விழுமா சார்?

அவனுக்கத வாசிங்க. தமிழ்ல சொன்னத இங்கிலீஷ்ல மாத்துனதா? சரி. கேள்வி, நீங்கள் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறீரா? பதில், இல்லை. கேள்வி, ஒப்புக்கொண்டால் நிரந்தர வேலை தரப்படும், யோசித்துச் சொல்லவும். பதில்... பதில், தாணு பைனாகுலரில் பார்த்துச் சொன்னான், நான் எழுதினேன். நானும் பார்த்தேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவன் வாயால் பலூன் என்று சொன்னால் நானும் பலூன் என்று எழுதித் தருகிறேன். அவனிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

கேட்டுவிட்டு வருகிறேன்னா போட்டிருக்கு?

அடியில கையால எழுதியிருக்கது யாருக்கது? வேங்கடவன் சார் கையெழுத்தா? வாசிங்க. தாணுலிங்கத்தின் வாக்குமூலம் இவருக்குக் காட்டப்பட்டது. கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். தண்ணீர் கேட்டார். அதன் பிறகும் கையெழுத்திட மறுத்தார். பணியிலிருந்து நீக்கலாம். அவ்வளவுதானா? என்னப் பத்தி ஒண்ணும் இல்லையா? ஆபீஸ் தாளுல இருக்கா. பொருள், பலூன். கோப்பு முடிக்கப்பட்டது. பதிவேடு அழிக்கப்பட்டது. தாணுலிங்கம்... நல்ல ஒத்துழைப்பு தந்தார்.

ஒத்துழைப்பு.

குடுங்க சார். போதும், குடுங்க. தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடுங்க.

டீ குடுத்தானே சார். பிள்ளைக்கு எத்தனை மாசம்னு கேட்டானே. என்ன நம்புதேன்னு சொன்னானே! பாவி, அவன் பேரச் சொல்லி வருஷா வருஷம் கோயில்ல அர்ச்சனை பண்ணியிருக்கேனே சார் நான். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க அவ்வளவு தூரம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான கேட்டாவ. நானும் பாத்தேன்னு ஒரு வார்த்தை. என்ன ஏமாத்திட்டானுகளே. நான் என்ன சார் பண்ணுவேன், எனக்கு இங்கிலீஷ் தெரியாது, குறி போட்ட இடத்துல போட்டேன். ஞானமும் என்ட்ட சொல்லியிருக்கலாம்லா? வாசல் வரைக்கும் வந்தான், இப்படி ஒரு தாளக் காட்டுனாவ தாணு, அதுல உன் கையெழுத்து இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா? சொல்லல. கேட்டுவிட்டு வருகிறேன்னவன், வேலையெல்லாம் போன பெறவு வந்து கேட்டான். அவ்வளவுதான். கேக்கத்தான் வந்திருக்கான் சார் அன்னைக்கு.

என்ன சொல்லுதான் கண்டக்டர்? எதுக்கு சத்தம் போடுதான்? தட்டு சைக்கிள்கடை. ஆமா, மணல்தேரி விலக்குதான் அது. அவன் கடைய வச்சுத்தான் இந்த ஸ்டாப்புக்கே பேரு. பஸ்காரன்கூட அப்படித்தான் சொல்லுவான்.

இல்ல, நான் இறங்கல. கண்டக்டர், ஏ தம்பி, நான் இறங்கலப்பா. திருச்செந்தூருக்கு ஒண்ணு மேல போட்டுக் குடு. விசில் அடி, போகட்டும். நேரமாவுது பாரு, எல்லாரும் போக வேண்டாமா?

சார், நீங்க அந்தப் பக்கம் பாக்காதிய. நீல போர்டு, வெளிய பழைய டயரு தொங்கும். முன்னால ஒரு ஆளு உக்காந்திருக்கானா? நரைச்ச தலையா, வெள்ளை பனியனா? அவன்தான். எந்திரிச்சி வாறானா? ஏன் வாறான்? ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு இருப்பானோ? நான் குனிஞ்சிக்கிடுதேன். உங்க பைய இப்படி வைங்க. பஸ் எடுத்துட்டானா? இன்னும் எடுக்கலையா?

இப்ப நகருது. தாண்டிட்டா? தாண்டிட்டா சார்? என்ன அவன் பாத்தானா? நீங்க அந்தப் பக்கமாத்தான பாத்துக்கிட்டு இருந்திய. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். பாத்தானா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.